லவ்டே: ஒரு குடும்பப் பெயரும் ஓர் இணக்க நாளும்



சென்ற மாரிகாலத்தில் ஓரிரவு, இங்குள்ள வைத்தியசாலை ஒன்றிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. எம்மவர் ஒருவர் இறுதி நிலையில் இருந்தார். நோயில்பூசுதல் அருளடையாளத்தை அவருக்கு அளித்துவிட்டு, கட்டிலருகே செபமாலையோடு அமர்ந்திருந்தேன். அவரைப் பராமரித்த தாதி நடுவயதுடைய ஆங்கிலப் பெண்மணி. அவருடைய சீருடையில் குத்தியிருந்த பெயரட்டையில் ‘லவ்டே’ என்ற குடும்பப் பெயர் இருந்தது. நாற்பது ஆண்டுகளாக ஆங்கிலம் வாசிக்கிறேன். இப்படியொரு பெயரை நேரில் கண்டதில்லை. அதைப் பற்றி வினவினேன். “தந்தை வழியில் வந்த பெயர், பாதர். பெப்ரவரி 14 வந்தால் எல்லோருக்கும் கேலிதான். உண்மையில் என்ன பொருளென்று எனக்கே தெரியாது” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இவருக்கு நாங்கள் அறிவிக்க வேண்டிய உறவினர் வேறு யாராவது உண்டா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் அந்தப் பெயரின் வரலாற்றைக் கேளுங்கள். காதலர் தினத்திற்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

ஆங்கிலேயர் எல்லோரும் ஆதிமுதல் குடும்பப் பெயரோடு வாழ்ந்தவர்கள் அல்லர். 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னரே, ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளில், தலைமுறைக்குத் தலைமுறை மாறாத குடும்பப் பெயர் அங்கு நிலைபெற்றது. அதற்கு முன் ஒருவருக்கு ஒரு பெயரே இருந்தது. அடையாளம் வேண்டியபோது தந்தையின் பெயரோ, ஊரோ, தொழிலோ சேர்ந்துகொண்டது. பின்னர் அந்தச் சேர்க்கை உறைந்து பரம்பரைச் சொத்தாயிற்று. இது நமக்குப் புதிதன்று. இந்த நாட்டுக்கு வந்து குடியேறியபோது நம்முடைய தந்தையரின் பெயர்கள் நம் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர்களாக உறைந்துவிட்டனவே! சந்தியாப்பிள்ளை என்ற பெரியவர் ஊரில் மீன்பிடித்து வாழ்ந்தார். அவருடைய பேரப்பிள்ளை இங்கு பள்ளிப் பதிவேட்டில் ‘சந்தியாப்பிள்ளை’. பேரனுக்கு அந்தப் பெயர் புனித யாக்கோபுவின் போர்த்துக்கேயப் பெயரிலிருந்து வந்தது என்பது தெரியாது. அந்தத் தாதியின் நிலையும் அதுவே.

பெயராய்வாளர்கள் ‘லவ்டே’க்கு இரண்டு வேர்களைக் காட்டுகிறார்கள். ஒன்று, நோர்மானியர் வருகைக்கு முற்பட்ட பழைய ஆங்கில ஆட்பெயர். ‘அன்புக்குரிய’ என்ற பொருள்தரும் சொல்லும் ‘நாள்’ என்ற சொல்லும் இணைந்து அமைந்தது அது. மற்றொன்று, இடைக்கால இங்கிலாந்தின் நீதி வழக்கில் நிலைத்திருந்த ஒரு குறிப்பிட்ட நாளின் பெயர். அந்த நாளில் பிறந்த பிள்ளைக்கு அதையே பெயராக வைத்தார்கள். பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கே இப்பெயர் வழங்கியது. கோர்ன்வோல் பகுதியில் இன்றும் பெண்களுக்கு இடுகிறார்கள். எனவே இக்குடும்பப் பெயர் பல இடங்களில் தாய்வழியாக வந்திருக்கிறது. மரியாவிலிருந்து மேரியட், எம்மாவிலிருந்து எம்மெட், இசபெல்லிலிருந்து இபட்சன் என்று அன்னையரின் பெயரைச் சுமக்கும் ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் பல உண்டு.

நாளின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது கிறிஸ்தவ உலகின் பழைய வழக்கம். பாஸ்காவில் பிறந்தவன் ‘பாஸ்கோ’ ஆனான். நத்தாரில் பிறந்தவன் ‘நோயல்’ ஆனான். தூய ஆவியின் பெருவிழாவில் பிறந்தவன் ‘பெந்தெகொஸ்து’ என்றே அழைக்கப்பட்டான். இம்மூன்றும் இங்கிலாந்தில் இன்றுவரை குடும்பப் பெயர்களாக உள்ளன. ஆனால் ‘லவ்டே’ திருச்சபை நாட்காட்டியில் உள்ள நாள் அன்று. நீதிமன்றத்தின் நாட்காட்டியில் இருந்த நாள்.

இலத்தீனில் அதனை ‘தியேஸ் அமோரிஸ்’ என்றார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘அன்பின் நாள்’. வழக்காளிகள் இருவர் நீதிமன்றத்துக்கு வருகிறார்கள். தீர்ப்புக்குப் போகுமுன் தமக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ள விரும்புகிறார்கள். நீதிமன்றம் அவர்களுக்கு ஒரு தவணை தருகிறது. அந்தத் தவணை நாளே ‘லவ்டே’. கிராமத்துப் பண்ணை நீதிமன்றங்களின் சுருள்களில் இத்தகைய குறிப்புகள் நிறைய உள்ளன: இன்னார் இன்னாருடன் இணங்கிப்போக அனுமதி கேட்டார், அதற்காகச் சில பென்ஸ் கட்டினார் என்று. ஆம், சமாதானத்துக்கும் கட்டணம் இருந்தது!

அக்கால ஆங்கிலத்தில் ‘லவ்’ என்ற சொல் இன்று நாம் நினைக்கும் மென்மையான உணர்ச்சியை மட்டும் குறிக்கவில்லை. பகை முடிந்த நிலையையும், இருவருக்கிடையே நிலவும் உடன்பாட்டையும் அது குறித்தது. சட்டம் ஒரு வழி, அன்பு மற்றொரு வழி. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் ஹென்றி மன்னரின் பெயரால் தொகுக்கப்பட்ட சட்ட நூலிலேயே, உடன்படிக்கைக்குச் சட்டத்தைவிடவும் அன்புக்குத் தீர்ப்பைவிடவும் முதலிடம் தரும் கொள்கை பதிவாகியிருக்கிறது. ஆகவே ‘லவ்டே’யைத் தமிழில் ‘அன்பு நாள்’ என்பதைவிட ‘இணக்க நாள்’ என்பதே பொருத்தம் என்று கருதுகிறேன். இலங்கையில் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊர்தோறும் இணக்க சபைகள் ஏற்படுத்தப்பட்டதை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். வேலித் தகராறும் கடன் தகராறும் நீதிமன்றப் படியேறுமுன் அங்கே செல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இணக்க நாளுக்கு ஒழுங்கு முறை உண்டு. பகைவர் இருவரும் தத்தம் தரப்பில் சமமான எண்ணிக்கையில் நடுவர்களைத் தெரிவு செய்வார்கள். அவர்கள் இரண்டுபட்டு நின்றால் தீர்ப்புச் சொல்ல, எத்தரப்பையும் சேராத ஒருவரைக் கூடுதலாக நியமிப்பார்கள். ‘இணை இல்லாதவர்’ என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லால் அவரை அழைத்தார்கள். அச்சொல் ஆங்கிலத்தில் உருமாறி ‘அம்பயர்’ ஆயிற்று. கிரிக்கெட் மைதானத்தில் வெள்ளைச் சட்டையோடு நிற்பவரின் மூதாதை, இணக்க நாளில் இரு பகைவர்களுக்கு நடுவே அமர்ந்திருந்த அந்த மூன்றாமவரே.

நடுவர் சொல்வதை ஏற்போம், மீறினால் இன்ன தொகை கட்டுவோம் என்று இரு தரப்பினரும் பிணைமுறி எழுதிக் கொடுப்பார்கள். பெரும்பாலும் ஆலயமே கூடுமிடம். நடுவர்கள் இரு தரப்பையும் கேட்பார்கள். இன்னார் இவ்வளவு ஈடு கொடுக்க வேண்டும், இன்னார் இன்ன உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று வரையறுப்பார்கள். பின்னர் பகைவர்கள் கைகோத்து, சமாதான முத்தம் பரிமாறி, ஒரே மேசையில் உண்டு குடித்துப் பிரிவார்கள். வரிசையைக் கவனியுங்கள். கைகோப்பது கடைசியில்தான் வருகிறது. கேட்பதும் கணக்குப் பார்ப்பதும் அதற்கு முன்னதாக நடந்துவிட வேண்டும்.

இனி, என் போன்ற குருக்களுக்கு உறுத்தலான பகுதிக்கு வருகிறேன். இந்த நாட்களில் நடுவராக அமர்ந்தவர்களில் துறவிகளும் குருக்களும் மிகுதி. 14ஆம் நூற்றாண்டின் இரு பெரும் ஆங்கிலக் கவிஞர்களும் அதைப் பாராட்டவில்லை, பழித்தார்கள். சாசர் தம் ‘கேன்டர்பரி கதைகள்’ முன்னுரையில் ஒரு பிச்சைத் துறவியைச் சித்திரிக்கிறார். இணக்க நாட்களில் பெரிதும் உதவுகிறவர் அவர். ஆனால் உடையிலும் தோரணையிலும் ஏழைத் துறவியாகத் தோன்றவில்லை, பெருமகனாகவே தோன்றுகிறார். லாங்லண்ட் தம் ‘பியர்ஸ் ப்ளவ்மன்’ காவியத்தில் இன்னும் கடுமையாகச் சாடுகிறார். குதிரையேறித் திரிந்து, நிலம் வாங்கி, இணக்க நாட்களை நடத்தி அலையும் துறவற வாழ்வை அவர் கண்டிக்கிறார். இணக்க நாள் நடத்தத் தெரிந்தும் திருச்சபைச் சட்டத்தில் ஒரு வரி வாசிக்கத் தெரியாத சோம்பேறிக் குருவையும் காட்டுகிறார்.

எதற்கு இத்தனை கோபம்? சமாதானம் செய்துவைப்பது நற்செயல் அல்லவா? நற்செயலே. ஆனால் செய்துவைப்பவருக்குப் பெயரும் புகழும் விருந்தும் கிடைக்கும்போது, வலியவன் எளியவனை வளைத்து இணங்கவைக்கும் இடமாக அந்த நாள் மாறிவிடும். சட்டத்தின் முன் வென்றிருக்கக்கூடிய ஏழை விதவை, ‘அன்பின்’ பெயரால் உரிமையை இழந்து வீடு திரும்புவாள். கவிஞர்கள் கண்ட ஆபத்து இதுவே.

இங்கிலாந்தின் வரலாற்றில் மிகப் பெரிய இணக்க நாள் 1458ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று நடந்தது. இன்றும் வரலாற்று நூல்கள் அதை ‘லவ்டே’ என்றே குறிப்பிடுகின்றன.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மன்னர் ஆறாம் ஹென்றி பக்தியுள்ளவர், ஆனால் நோயாளி. சில காலம் தன்னிலையே மறந்திருந்தவர். அவருக்குப் பதிலாக நாட்டை யார் நடத்துவது என்பதில் அரசி மார்கரெட்டின் தரப்பும் யோர்க் கோமகன் ரிச்சர்டின் தரப்பும் மோதின. 1455 மே 22 அன்று சென் ஆல்பன்ஸ் நகரின் தெருக்களிலேயே சண்டை நடந்தது. அரச தரப்பில் சோமர்செட் கோமகனும், நோர்தம்பர்லாந்து பிரபுவும், கிளிஃபோர்ட் பிரபுவும் கொல்லப்பட்டார்கள். மூவருக்கும் ஆண்மக்கள் இருந்தார்கள். தந்தையின் குருதிக்குப் பழி தேடும் வயதில் அவர்கள் வளர்ந்தார்கள்.

1458இன் தொடக்கத்தில் மன்னர் இரு தரப்பினரையும் இலண்டனுக்கு அழைத்தார். எல்லோரும் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு வந்தார்கள். யோர்க் தரப்பினர் நகர மதிலுக்கு உள்ளேயும், கொல்லப்பட்டவர்களின் மைந்தர்கள் மதிலுக்கு வெளியேயும் தங்கினார்கள். மேயர் ஜெஃப்ரி போலீன் நகரக் காவலர்களை நிறுத்தி அமைதி காத்தார். எட்டாம் ஹென்றியின் மனைவியாகித் தலை வெட்டுண்ட ஆன் போலீனின் கொள்ளுப் பாட்டனார் இவர். கேன்டர்பரிப் பேராயர் தோமஸ் பூர்ஷியே இரு தரப்புக்கும் இடையே முயன்றார். மார்ச் 24 அன்று மன்னரின் தீர்ப்பு வெளியாயிற்று.

போரில் மாண்டவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்குத் திருப்பலி ஒப்புக்கொடுக்க, யோர்க் தரப்பினர் சென் ஆல்பன்ஸ் துறவு மடத்துக்கு ஆண்டுக்கு 45 பவுண் அளிக்க வேண்டும். சோமர்செட்டின் விதவைக்கும் பிள்ளைகளுக்கும் யோர்க் 5000 மார்க் ஈடு செய்ய வேண்டும். கிளிஃபோர்ட் குடும்பத்துக்கு வாரிக் பிரபு 1000 மார்க் அளிக்க வேண்டும். ஒரு மார்க் என்பது பவுணில் மூன்றில் இரண்டு பங்கு. பார்வைக்கு நியாயமான தீர்ப்பு. ஆனால் அந்த 5000 மார்க் யோர்க்கின் பெட்டியிலிருந்து வரவேண்டிய பணமன்று. அரச கருவூலம் அவருக்குத் தரவேண்டியிருந்த பழைய கடனைக் கைமாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு. வராக் கடனைக் காட்டி ஈடு செய்வதை நம்மூரில் என்னவென்று சொல்வோம் என்பது உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் மங்கள வார்த்தைத் திருநாள். கபிரியேல் தூதர் மரியன்னைக்கு நற்செய்தி அறிவித்ததை நினைவுகூரும் நாள். அக்கால இங்கிலாந்தில் ஆண்டு பிறப்பதும் அன்றைக்கே. 1752 வரை அவ்வழக்கம் நீடித்தது. புத்தாண்டு நாளில் புனித பவுல் பேராலயத்துக்குப் பவனி புறப்பட்டது. முன்னால் இளைய சோமர்செட் கோமகனும் சோல்ஸ்பரி பிரபுவும் கைகோத்து நடந்தார்கள். அவ்வாறே எக்செட்டர் கோமகனும் வாரிக் பிரபுவும் நடந்தார்கள். மன்னர் முடி சூடித் தனியே நடந்தார். அவருக்குப் பின்னால், அரசி மார்கரெட்டின் கையைப் பற்றியபடி யோர்க் கோமகன் வந்தார். கொன்றவரும் கொல்லப்பட்டவரின் மகனும் ஒருவர் கையை ஒருவர் பற்றிப் பேராலயத்துள் நுழைவதைக் கண்ட மக்கள் மகிழ்ந்திருப்பார்கள். நானும் அங்கிருந்தால் மணியடித்திருப்பேன்.

பதினெட்டு மாதங்கள் நிறைவதற்கு இரு நாட்கள் இருக்கையில், 1459 செப்டெம்பர் 23 அன்று, புளோர் ஹீத் வெளியில் மீண்டும் போர் மூண்டது. 1460 டிசம்பர் 30 அன்று வேக்ஃபீல்டில் யோர்க் கொல்லப்பட்டார். சோல்ஸ்பரி சிறைப்பட்டு மறுநாள் தலை இழந்தார். யோர்க்கின் பதினேழு வயது மகனும் அங்கேயே மாண்டான். 1461 மார்ச் 29, குருத்து ஞாயிறு. பனி கொட்டிக்கொண்டிருக்க, டவுட்டன் வெளியில் இங்கிலாந்து மண் கண்ட மிகக் குருதி தோய்ந்த போர்களில் ஒன்று நடந்தது. இணக்க நாள் பவனி நடந்து மூன்று ஆண்டுகளும் நான்கு நாட்களுமே ஆகியிருந்தன.

அன்று பவனியில் நடந்த ஏனையோரின் முடிவையும் பாருங்கள். சோமர்செட் 1464இல் தலை வெட்டப்பட்டார். வாரிக் 1471இல் பார்னட் போரில் மாண்டார். அன்று உயிர்த்த ஞாயிறு. எக்செட்டர் 1475இல் கடலில் மூழ்கி இறந்தார். மன்னர் ஹென்றி 1471இல் இலண்டன் கோபுரச் சிறையில் இறந்தார். அவர் கொல்லப்பட்டார் என்பதே வரலாற்றாசிரியர் பெரும்பாலோரின் முடிவு. எழுவரில் அரசி மார்கரெட் ஒருவரே இயற்கையாக மரித்தார். அதுவும் கணவனையும் ஒரே மகனையும் இழந்து, பிரான்சில், வறிய நிலையில்.

அந்த இணக்க நாள் ஏன் தோற்றது? தீர்க்கவேண்டிய கேள்வியை யாரும் மேசையில் வைக்கவில்லை என்பதே காரணம். நோயாளி மன்னரின் பெயரால் நாட்டை யார் ஆள்வது என்ற கேள்வி அப்படியே கிடந்தது. மாண்டவர்களுக்குத் திருப்பலி ஏற்பாடாயிற்று. அவர்கள் ஏன் மாண்டார்கள் என்பது பேசப்படவில்லை. ஈட்டுத் தொகை எழுதப்பட்டது, கையிலிருந்து கொடுபடவில்லை. பவனி மட்டுமே குறைவின்றி நடந்தது.

ஆனால் இந்தத் தோல்வியை மட்டும் கண்டு இணக்க நாளையே எள்ளக் கூடாது. பிரபுக்களின் ஒரு பெரிய நாள் தோற்றது. ஊர்க் குடியானவர்களின் பல சிறிய நாட்களோ நூற்றாண்டுக் கணக்காக நடந்தன. வேலிக்கும், மாட்டுக்கும், கடனுக்கும், சொல்லால் பட்ட காயத்துக்கும் மக்கள் அமர்ந்து பேசித் தீர்த்தார்கள். பயன் இல்லாத வழக்கத்தின் பெயரை எந்தத் தாயும் தன் குழந்தைக்குச் சூட்டமாட்டாள். வீட்டில் பிள்ளை பிறந்த அன்று அயலில் பகை முடிந்தது, அதை நன்மையின் அறிகுறியாகக் கண்டார்கள், பெயராக்கினார்கள். வழக்கம் மறைந்தது, பெயர் எஞ்சியது.

அப்பெயரைத் தாங்கிய இருவரை இங்கே குறிப்பிடலாம். ஒருவர் கற்பனையில் பிறந்தவர். தோமஸ் ஹார்டி 1880இல் வெளியிட்ட ‘ட்ரம்பெட் மேஜர்’ நாவலில் லவ்டே குடும்பத்துச் சகோதரர் இருவர் ஒரே பெண்ணை விரும்புகிறார்கள். மூத்தவன் ஜோன் தம்பிக்காக விலகிப் போருக்குப் போகிறான். ஸ்பெயின் மண்ணில் மடிகிறான். மற்றவர் உண்மையாக வாழ்ந்தவர்: பொருளியலாளர் அலெக்சாண்டர் லவ்டே (1888-1962). இந்தியப் பஞ்சங்களின் வரலாற்றையும் பொருளியலையும் ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1914இல் வெளியாயிற்று. நம் முன்னோரைக் கப்பலேற்றித் தோட்டங்களுக்கு அனுப்பிய தாது வருடப் பஞ்சம் அந்த வரலாற்றின் ஒரு பகுதி. முதல் உலகப் போருக்குப் பின், ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான உலக நாடுகள் சங்கத்தில் சேர்ந்து அதன் பொருளியல் பணிகளுக்குத் தலைமை தாங்கினார். நாடுகளுக்கான அந்த இணக்க மேசையும் 1939இல் போரைத் தடுக்கவில்லை. ஆயினும் அவர் கணக்கேட்டை மூடவில்லை. 1940இல் தம் அலுவலர் சிலரோடு அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குச் சென்று, அடுத்த சமாதானத்துக்குத் தேவையான தரவுகளைத் திரட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது, அந்த இரவுக்குத் திரும்புகிறேன்.

கட்டிலில் கிடந்தவருக்கு இந்நாட்டிலேயே ஒரு தங்கை இருந்தார். இருவரும் பேசிப் பல ஆண்டுகள். ஊரில் உள்ள தாயின் வீடும் காணியும் பற்றிய பிணக்கு அது. அந்தப் பிணக்கைத் தீர்த்துவைத்ததாக ஒரு காலத்தில் நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு நத்தார் திருப்பலியின் முடிவில், இருவரையும் பீடத்துக்கு முன்னால் அழைத்தேன். சமாதானத்தைப் பற்றி உருக்கமாக நாலு வார்த்தை பேசினேன். அண்ணனின் கையை எடுத்துத் தங்கையின் கைக்குள் வைத்தேன். ஆலயம் முழுவதும் கைதட்டியது. பலர் கண்கலங்கினார்கள். யாரோ எடுத்த புகைப்படம் எங்கள் பங்கின் ஆண்டு மலரில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, தாயாரின் நினைவுத் திருப்பலிக்கு இருவரும் வந்தார்கள். ஆலயத்தின் இரு பக்கங்களில் அமர்ந்தார்கள். பிறகு தங்கை வேறு பங்குக்குப் போய்விட்டார்.

நான் அந்தக் காணியின் உறுதியைப் பார்த்ததில்லை. தாயைப் படுக்கையில் வைத்துப் பதினோரு ஆண்டுகள் பார்த்தது யார் என்று கேட்டதில்லை. அந்தக் காலத்தில் மாதாமாதம் பணம் அனுப்பியது யார் என்றும் கேட்டதில்லை. இருவரையும் தனித்தனியே ஒரு மாலையாவது இருத்திக் கேட்டதில்லை. எனக்குப் பவனி போதுமாயிருந்தது. சாசர் காட்டிய துறவியை நான் குருமட நாட்களில் சிரித்துக்கொண்டே வாசித்தவன். அவருடைய அங்கியை நானே அணிந்திருந்தது அப்போது எனக்குத் தெரியவில்லை.

தாதி கேட்டபின், தங்கையைத் தொலைபேசியில் அழைத்தேன். நீண்ட மௌனத்திற்குப் பிறகு அவர் சொன்னார்: “சுவாமி, அன்றைக்கு நீங்கள் எங்கட கையைப் பிடிச்சுச் சேர்த்து வச்சீங்கள். ஆனால் என்ன நடந்ததெண்டு என்னட்ட ஒரு வார்த்தை கேக்கேல்ல. அண்ணாவிட்டயும் கேட்டிருக்க மாட்டீங்கள்.” அவர் சொன்னது உண்மை. அண்ணன் அன்று விடியுமுன் இறந்தார். அடக்கத் திருப்பலிக்குத் தங்கை வந்தார். கடைசி வரிசையில் அமர்ந்தார். எல்லோரும் போனபின் கல்லறையருகே நெடுநேரம் நின்றார். அதன்பின் மூன்று மாலைகள் அவர் வீட்டுக்குச் சென்று அமர்ந்தேன். நான் பேசவில்லை, கேட்டேன். அண்ணனின் பிள்ளைகளோடு பேச வேண்டும் என்ற விருப்பத்தை மூன்றாம் மாலை அவராகவே சொன்னார். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. பெயர் குறிப்பிடாமல் இதை எழுதலாம் என்று அனுமதித்தவரும் அவரே. “ஆரும் ஒரு வீட்டில நேரத்தோட பேசட்டும்” என்றார்.

அன்புக்குரியவர்களே, இதை வாசிக்கும் உங்களில் பலரின் வீட்டில் இப்படியொரு காணி கிடக்கிறது என்று நான் அறிவேன். புல் முளைத்த முற்றம், பூட்டிய கதவு, கையெழுத்தாகாத உறுதி. அதற்காக ஒரே தாயின் வயிற்றில் பிறந்தவர்கள் ஒரே நகரத்தில் இருந்துகொண்டு ஒருவர் வீட்டு நன்மை தின்மைக்கு ஒருவர் போவதில்லை. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனிடம் போய் உறவைச் சரிசெய்து வரும்படி ஆண்டவர் கேட்டார். சரிசெய்வது ஒரு வேலை. அதற்கு நேரமும் கணக்கும் வேண்டும் என்பதை இடைக்கால ஆங்கிலக் குடியானவன் அறிந்திருந்தான்.

ஆகவே, ஒரு தேதியைக் குறியுங்கள். ‘ஒரு நாளைக்குப் பேசுவோம்’ என்றால் அந்த நாள் வராது. இரு தரப்பும் நம்பும் ஒருவரை, இரு தரப்பையும் சேராத ஒருவரை, நடுவில் இருத்துங்கள். அவர் குருவாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தம் கதையை முடிவுவரை சொல்லட்டும். மற்றவர் குறுக்கிடாமல் கேட்கட்டும். கொடுத்த பணத்தையும் பார்த்த பராமரிப்பையும் ஒரே தாளில் எழுதுங்கள். விட்டுக்கொடுப்பவர் உண்மையாகவே கையிலிருந்து கொடுக்கட்டும். அழுத்தத்தினால் யாரும் இணங்க வேண்டாம். அநீதி இழைக்கப்பட்டவருக்கு நீதி கிடைக்காமல் ‘மன்னித்துவிடு’ என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். இவையெல்லாம் முடிந்தபின் கைகோருங்கள். ஒன்றாக அமர்ந்து ஒரு பிடி சோறு உண்ணுங்கள். புகைப்படம் தேவையில்லை.

அண்மையில் அந்தத் தாதியை மீண்டும் வைத்தியசாலையில் சந்தித்தேன். அவருடைய பெயரின் பொருளைச் சொன்னேன். சற்று நேரம் தம் பெயரட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “என் சகோதரனிடமும் இதைச் சொல்ல வேண்டும், பாதர்” என்றார். எவ்வளவு காலமாக அவர்கள் பேசிக்கொள்ளவில்லை என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்னால் கேட்பதற்காக, அருகிலிருந்த கதிரையில் அமர்ந்தேன்.

சமாதானத்தின் ஆண்டவர் உங்கள் இல்லங்களில் தங்குவாராக.

உங்கள் பங்குத்தந்தை